சாக்கடை கேட்டு ஒரு மனு

மனு எழுதுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. கேட்கிறவன் எவ்வளவு குனிகிறானோ, படிக்கிறவனின் மனம் அவ்வளவு இளகும். இது நான் கண்டுபிடித்ததல்ல. யாங்கோனில் நீதிமன்றத்துக்கு எதிரே நடைபாதையில் குடை நட்டு, மேசை போட்டு, பர்மிய எழுத்துத் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். "எனக்கு இதில் உரிமை இருக்கிறது" என்று தொடங்கும் மனு எந்த அலுவலகத்திலும் கட்டுக்கு அடியில் கிடக்கும். "ஒன்றும் அறியாத எங்கள்மீது கருணைக் கண் வையுங்கள்" என்று தொடங்குவது மேலே வரும். அந்த மேசையில் நான் பதினெட்டு வருடம் இருந்தேன். ஏழைகளை இன்னும் கொஞ்சம் ஏழையாக்கி, நோயாளிகளை இன்னும் கொஞ்சம் படுக்க வைத்து, கார்பன் தாளோடு மூன்று பிரதி அடித்துக் கொடுத்திருக்கிறேன். என் கை ராசியான கை என்று பேர். தேடி வருவார்கள்.

எனக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் என் பர்மா பாஷை. அப்பா நகராட்சியில் குமாஸ்தாவாக இருந்தார். ஒரே பெண் என்று என்னைப் பர்மா பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படிக்க வைத்தார். தமிழ் எழுத்தைக் கோயிலில் நடந்த சாயங்கால வகுப்பில்தான் கற்றுக்கொண்டேன். அம்மா வழியில் கொஞ்சம் பர்மா ரத்தமும் உண்டு. அதனால் முகத்தில் தனக்கா மரச்சாந்தைப் பூசிக்கொண்டு, பர்மாக்காரிகள் கட்டும் தமேன் கைலியை உடுத்திக்கொண்டு வாயைத் திறந்தால் என்னை யாரும் இந்தியக்காரி என்று சொல்ல மாட்டார்கள். பதிவு அட்டையில் இனம் என்ற இடத்தில் மட்டும் அது எழுதியிருக்கும். அட்டை பைக்குள் இருக்கும்.

வீடு தாமுவேயில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில். இருபத்திரண்டு மரவீடுகள், தகரக் கூரை. வெள்ளைக்காரன் காலத்தில் நகராட்சிக் கூலிகளுக்காகப் போட்ட வரிசை அது. அவர்களுடைய பேரன் பேத்திகள்தான் நாங்கள். சைக்கா என்ற மூன்று சக்கர வண்டி மிதிக்கிறவரிடம் தெரு எண்ணைச் சொன்னால் முழிப்பார். "கலா சந்து" என்றால் உடனே மிதிப்பார். கலா என்பது இந்திய முகம் கொண்ட எல்லோருக்கும் பர்மியர் வைத்திருக்கும் பெயர். சிலர் அதை வெறும் பெயராகச் சொல்வார்கள். சிலர் வாயில் இருப்பதைத் துப்புகிற மாதிரி சொல்வார்கள். சைக்காவில் ஏறினால் நானும் "கலா சந்து" என்றுதான் சொல்வேன். நேரம் மிச்சமாகும் என்று நினைப்பு.

அடுத்த வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் அலோன் படகுத்துறையில் மூட்டை தூக்கினார். அக்கா சந்து முனையில் காலையில் தோசை சுட்டு விற்றாள். பர்மியர்கள் அதைத் தோஷே என்பார்கள், வரிசையில் நின்று வாங்குவார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைப் பலகைதான் சுவர். அவள் மிளகாய் வறுத்தால் நாங்கள் இருமுவோம். அம்மா இருமினால் அவள் அந்தப் பக்கத்திலிருந்தே, "கஷாயம் வச்சுக் குடுத்தியாடி?" என்று அதட்டுவாள்.

அம்மா இறந்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். கல்யாணம் ஆகவில்லை, ஆகும் என்ற எண்ணமும் அப்போது போய்விட்டிருந்தது. எல்லோரும் கலைந்து போனபிறகு அக்கா தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் விரித்தாள். "தனியாப் படுத்தா நெஞ்சு அடைக்கும்டி. தள்ளிப் படு" என்றாள். பதினாறு நாள் அப்படியே வந்து படுத்தாள். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. குறட்டைதான் விட்டாள். அந்தக் குறட்டைச் சத்தம் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ.

எண்பத்தெட்டில் மாணவர் கிளர்ச்சியால் ஊர் கலங்கி அடங்கியபின் இரண்டாவது மழைக்காலம். எங்கள் சந்து தாழ்வான இடம். சாக்கடை என்று பேருக்கு ஒரு வாய்க்கால். அதுவும் கடைத்தெருக் குப்பையால் அடைத்துக் கிடந்தது. அந்த வருடம் தண்ணீர் வீட்டுக்குள் முழங்கால் உயரம் நின்றது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல். அக்காவின் அடுப்பு மிதந்தது. பொய்யில்லை, மரப்பெட்டியில் வைத்த அடுப்பு, மிதந்தே போய்விட்டது. சந்தின் கடைசியில் இருந்த சின்ன அம்மன் கோயில் படிக்கட்டில் எல்லோரும் கூடினார்கள். வார்டு அலுவலகத்துக்கு மனு கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. யார் எழுதுவது என்ற பேச்சே எழவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இரண்டு நாள் அந்த மனுவோடு மல்லுக்கட்டினேன். என் சொந்தச் சந்துக்கு எழுதுகிறேன், சும்மா விடுவேனா? இத்தனை வருடத்தில் கற்ற அத்தனை வித்தையையும் இறக்கினேன். நாங்கள் அறியாமையில் மூழ்கிய கலாக் கூலிகள் என்று எழுதினேன். எங்கள் குடிசைகள் மனிதர் வாழத் தகுதியற்றவை என்று எழுதினேன். குடிசை ஒன்றுகூட எங்கள் சந்தில் கிடையாது. எல்லாம் தேக்கு மரமும் பிங்காடோ மரமும் போட்டுக் கட்டிய வீடுகள். ஆனால் வீடு என்று எழுதினால் யார் இரங்குவார்கள்? கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். "எங்களுடைய அழுக்கும் நோயும் அக்கம்பக்கத்தில் வாழும் நல்ல ஜனங்களுக்குப் பரவிவிடுமோ என்று அஞ்சுகிறோம்." அந்த வரியை அடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. எங்களுக்காகச் சாக்கடை வெட்ட மாட்டார்கள், அக்கம்பக்கத்துக்காக வெட்டுவார்கள் என்பது என் கணக்கு. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் படிக்கட்டில் கையெழுத்து வாங்கினேன். எங்கள் சந்தில் எல்லோரும் பர்மா பாஷை பேசுவார்கள், கடைத்தெருவில் பேரம் பேசுவார்கள், சண்டை போடுவார்கள். பெரியவர்களில் அதை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் கிடையாது. அதனால் வழக்கப்படி நான் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே அக்கா, அவள் புருஷன், துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள், மடியில் பிள்ளைகளோடு பெண்கள். எல்லோரும் குளித்து நெற்றியில் திருநீறு பூசி வந்திருந்தார்கள். என் மனு அவர்களுக்கும் ஒரு விசேஷம்.

எனக்கு அந்த வரிகள் வாயில் வரவில்லை. பர்மா பாஷையில் சரளமாக அடித்ததைத் தமிழில் அந்த முகங்களைப் பார்த்துச் சொல்ல நாக்கு எழவில்லை. "மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருகிறது. கடைத்தெரு வரைக்கும் ஒரு சாக்கடை வெட்டித் தர வேண்டும்" என்று மட்டும் படித்தேன்.

அக்கா தாளை எட்டிப் பார்த்தாள். "இம்புட்டுத்தானா? ரெண்டு பக்கம் அடிச்சிருக்கே?"

"பர்மா பாஷையில எல்லாத்தையும் நீட்டி முழக்கித்தான் எழுதணும்க்கா" என்றேன்.

"படிச்ச புள்ள சொன்னா சரியா இருக்கும்" என்று முதல் ஆளாகப் பெருவிரலை நீட்டினாள். நான்தான் மையைத் தடவி, அவள் விரலைப் பிடித்து, தாளில் அழுத்தினேன்.

சாக்கடை வரவில்லை. ஒரு மழைக்காலம், இரண்டு, மூன்று. நாங்களே மண்வெட்டி எடுத்து வாய்க்காலைத் தோண்டிக்கொண்டோம். மனுவை நான் மறந்தே போனேன். அதற்குள் ஊர் வேறு மாதிரி ஆகத் தொடங்கியிருந்தது. கடைத்தெருப் பக்கத்தில் பழைய வீடுகளை இடித்து ஆறு மாடிக் கட்டடங்கள் எழும்பின. கட்டட ஒப்பந்தக்காரர்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருத் தெருவாக நடந்து இடத்தைக் கண்ணால் அளந்தார்கள். எங்கள் சந்தைப் பற்றியும் பேச்சு வந்தது. காலி செய்யச் சொல்வார்கள் என்றார்கள், ஆற்றுக்கு அப்பால் புது ஊரில் மனை கொடுப்பார்கள் என்றார்கள். அக்கா தோசை புரட்டிக்கொண்டே, "எங்க தாத்தன் இங்க பொறந்தான், எங்கப்பன் இங்க பொறந்தான். வரட்டும், வந்து எங்கிட்டக் கேக்கட்டும்" என்பாள்.

ஒரு நாள் வீட்டுக்கு இரண்டு பேர் வர வேண்டும் என்று வார்டு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொல்லிப் போனார். நாங்கள் தயாராகத்தான் போனோம். இன்னின்னார் எழுந்து பேசுவது என்று பேசி வைத்திருந்தோம். அக்கா அதில் ஒருத்தி. நல்ல சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "நான் தடுமாறுனா எடுத்துக் குடு" என்றாள்.

அதிகாரி இளவயதுக்காரர், மரியாதையாகப் பேசினார். சந்து முழுவதையும் புதிதாகக் கட்டப் போகிறார்கள், நகரம் அழகாக வேண்டும், உங்களுக்கும் நல்லது என்றார். பிறகு ஒரு கோப்பைத் திறந்தார். "இது நாங்கள் சொல்வதல்ல. நீங்களே கைநாட்டு வைத்துக் கொடுத்தது" என்று படிக்க ஆரம்பித்தார்.

முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கூடத்தில் இருந்த நாற்பது பேருக்கும் எழுதிய பர்மா தெரியாது. பேசிய பர்மா நன்றாகத் தெரியும். அவர் நல்ல குரலில், நிறுத்தி நிறுத்திப் படித்தார். அறியாமையில் மூழ்கிய கலாக் கூலிகள். மனிதர் வாழத் தகுதியற்ற குடிசைகள். எங்களுடைய அழுக்கும் நோயும். நல்ல ஜனங்களுக்குப் பரவிவிடுமோ என்று. எனக்குப் பின்னால் யாரோ தமிழில், "இதை யாரு எழுதுனது?" என்று கேட்டார். பதில் சொல்ல ஆள் தேவையில்லை. சந்தில் தட்டச்சு இயந்திரம் இருந்தது ஒரே வீட்டில்தான்.

அதிகாரி படித்து முடித்து, "யாராவது பேச விரும்புகிறீர்களா?" என்று கேட்டார். ஒருவரும் எழவில்லை. அக்கா மடியில் கைகளை வைத்துக்கொண்டு தன் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னாளில் எத்தனையோ தடவை எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் மனு இல்லாவிட்டாலும் சந்தை எடுத்திருப்பார்கள்; அந்த வருடங்களில் மனு எழுதாத எத்தனையோ தெருக்கள் போயின. உண்மைதான். ஆனால் பேச வந்தவர்கள் பேசாமல் போனது என் எழுத்தால். தங்கள் வீட்டைக் குடிசை என்றும் தங்களை அழுக்கு என்றும் தங்கள் கைரேகையே சாட்சி சொன்னபிறகு, எந்த வாயால் எழுந்து பேசுவார்கள்? சைக்காக்காரன் கலா என்று சொன்னபோது எங்களுக்கு உறைக்கவில்லை. கடைத்தெருவில் சொன்னபோது திருப்பித் திட்டினோம். எங்கள் கைநாட்டோடு அரசாங்கக் கோப்பிலிருந்து திரும்பி வந்தபோது அது நிஜமாகிவிட்டது. அன்று கூடத்திலிருந்து வெளியே வந்த சிலர், தங்கள் வீடுகளைப் புதிதாகப் பார்ப்பவர்கள் போல வாசலில் நின்று பார்த்தார்கள். நான் அதைக் கண்ணால் கண்டேன்.

அக்கா சந்து முனையில் என்னை நிறுத்தினாள்.

"அக்கா, அது மனு பாஷைக்கா. எல்லா மனுவும் அப்படித்தான் இருக்கும். சத்தியமா நான் அப்படி நெனைக்கலே."

"நான் அதைக் கேக்கலே. எங்களுக்குப் படிச்சுக் காட்டுனப்ப அதை ஏன் விட்டே?"

நான் தோளிலிருந்த பையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"வெக்கமா இருந்துச்சுல்ல? அப்பத் தெரிஞ்சுதானே எழுதியிருக்கே."

அதற்கப்புறம் பல வருடம் அவள் என்னிடம் தமிழில் பேச மாட்டாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. கோபம் ஆறினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். லாரி வந்த அன்று, அவள் ஆட்டுக்கல்லைத் தூக்க முடியாமல் தடுமாறுவதைப் பார்த்து ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தேன். அவள் கல்லைத் தரையில் வைத்துவிட்டு, நான் கையை எடுக்கும் வரை காத்திருந்தாள். பிறகு புருஷனைக் கூப்பிட்டுத் தூக்கிக்கொண்டு போனாள். லாரியில் ஏறியபின் சந்தைத் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நான் லாரியில் ஏறவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும். இருபத்திரண்டு வீட்டில் காகிதங்கள் சரியாக இருந்தது இரண்டு வீட்டுக்கு மட்டும். ஒன்று என் வீடு. அப்பா குமாஸ்தா, நான் மனுக்காரி. எங்கள் வீட்டில் காகிதம் எப்படித் தவறும்? காகிதம் உள்ளவர்களுக்குப் புதுக் கட்டடத்தில் ஒரு வீடு என்றார்கள். இன்னொரு வீட்டுக்காரர் தன் பங்கை அங்கேயே விற்றுவிட்டுப் போய்விட்டார். நான் தின்கன்ஜூனில் ஒரு ஆசிரியர் வீட்டு மாடியறையில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து கட்டடம் உயர்வதைப் பார்ப்பேன். அம்மன் கோயில் இருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி வந்தது. சந்துக்கு ஒரு பூவின் பெயர் வைத்தார்கள்.

எனக்குக் கிடைத்தது ஆறாவது மாடி. மின்தூக்கி கிடையாது, அதனால் உச்சி மாடி யாருக்கும் வேண்டாத மாடி. கீழே இருந்தவர்கள் வியாபாரிகள், கப்பலுக்குப் போய்ப் பணம் அனுப்புகிறவர்களின் குடும்பங்கள். நல்ல மனிதர்கள், சும்மா சொல்லக் கூடாது. படியில் பார்த்தால் சிரிப்பார்கள். என்னை "ஸயாமா" என்று, டீச்சரம்மா என்கிற மரியாதையோடு அழைப்பார்கள். இரண்டாவது மாடி அம்மாள் ஒரு நாள் படியில் மூச்சு வாங்க நின்றிருந்த என்னிடம் பழம் கொடுத்துவிட்டு, "இங்கே முன்னே கலா சந்து இருந்ததாமே ஸயாமா? மனிதர் இருக்கவே முடியாதாம். நல்லவேளை, சுத்தம் பண்ணிட்டாங்க" என்றாள்.

"ஆமாம், கேள்விப்பட்டிருக்கிறேன்" என்றேன்.

கேள்விப்பட்டிருக்கிறேனாம்! பாவி. ஆறு மாடியும் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பழத்தைக் குப்பையில் போட்டேன். பழம் என்ன செய்தது?

அந்த வீட்டில் எனக்குத் தமிழ் பேச ஆள் இல்லை. சுவர் நல்ல கனமான செங்கல் சுவர். அந்தப் பக்கத்தில் யாராவது இருமினாலும் கேட்காது. சில நாள் சமைக்கும்போது வாய்விட்டுத் தமிழில் பேசிக்கொள்வேன். "உப்புப் போட்டியா? போட்டேன்." அப்புறம் எனக்கே பயமாக இருக்கும், வாயை மூடிக்கொள்வேன்.

அங்கே குடிவந்த மூன்றாவது வருடம், மழை முடிந்த ஒரு காலையில் ஜன்னலைத் திறந்தபோது தோசை வாசனை வந்தது. ஆறாவது மாடிக்கு வாசனை வருமா என்று கேட்காதீர்கள், வந்தது. குனிந்து பார்த்தேன். சந்து முனையில், அதே இடத்தில், அக்கா அடுப்பு வைத்துக்கொண்டிருந்தாள். புது ஊரில் அவள் தோசையை வாங்க யார் இருக்கிறார்கள்? இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். படிகளில் நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தலைகூட வாரவில்லை. போய் முன்னால் நின்று, "அக்கா" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு பர்மா பாஷையில், கடைக்கு வரும் எல்லோரிடமும் கேட்பது போல, "எத்தனை வேணும்?" என்றாள்.

இரண்டு என்றேன், நானும் பர்மா பாஷையில். கட்டிக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் நான்கு வருடம் தினமும் காலையில் இரண்டு தோசை வாங்கினேன். எத்தனை வேணும்? இரண்டு. சட்னி? போதும். இதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. அதுவும் தமிழில் கிடையாது. தமிழில் பேசினால் அவள் கேட்காததுபோல அடுப்பைக் கிளறுவாள். அவள் புருஷன் செத்துப்போனதைக்கூட வெற்று நெற்றியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். துக்கம் கேட்க எந்தப் பாஷையில் வாயைத் திறப்பது என்று தெரியாமல் இரண்டு தோசையோடு திரும்பி வந்தேன். பாயைச் சுருட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் போய்ப் படுக்க எனக்கு வழியில்லை. ஆனாலும் அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் நான் காலையில் எழுந்தேன். இன்று வந்திருப்பாளா என்று தினமும் ஜன்னலைத் திறந்து பார்ப்பேன்.

ஒரு நாள் இரண்டாவது மாடி அம்மாள் என் வீடு வரைக்கும் ஏறி வந்தாள். ஆறு மாடி ஏறி வருகிறாள் என்றால் காரியம் பெரிதாகத்தான் இருக்கும். தேநீர் போட்டுக் கொடுத்தேன். சந்து முனை எண்ணெய்ப் புகையால் கெடுகிறது, தெருவின் மதிப்புக் குறைகிறது, வீடு பார்க்க வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்றாள். வார்டு அலுவலகத்துக்கு ஒரு மனு எழுத வேண்டும். "உங்களைப் போல எழுத யாரால் முடியும், ஸயாமா?"

அவள் மகன்கள் தினம் அங்கேதான் தோஷே வாங்குகிறார்கள். அதை நான் சொல்லவில்லை. "நான் எழுத மாட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"நானும் கலாதான். இந்தச் சந்துக்காரிதான். இந்தக் கட்டடத்துக்குக் கீழேதான் என் வீடு இருந்தது."

அவள் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். பிறகு என் கையைத் தொட்டு, ரொம்ப அன்பாக, "நீங்கள் அப்படி இல்லையே ஸயாமா" என்றாள். அவள் மனதில் துளி விஷம் இல்லை. என்னைத் தேற்றுவதாகத்தான் நினைத்தாள். தேநீர்க் கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, போகச் சொல்லிவிட்டேன்.

எழுத ஊரில் வேறு ஆளா இல்லை? மூன்றாம் நாள், கையெழுத்துப் போட வேண்டிய தாள் என் கதவுக்கு அடியில் கிடந்தது. எல்லா வீட்டுக்கும் ஒரு கோடு. என் கோட்டைத் தவிர எல்லாம் நிரம்பியிருந்தது. நன்றாகவே எழுதியிருந்தார்கள். எங்கிருந்தோ வந்து போகிற கலாப் பெண் என்று இருந்தது. அழுக்குத் தண்ணீர் என்று இருந்தது. சந்தில் வாழும் நல்ல ஜனங்களுக்கு நோய் பரவிவிடுமோ என்று அஞ்சுகிறோம் என்று இருந்தது. என் வரி. யாரும் என்னிடமிருந்து எடுத்ததல்ல; இந்த ஊரில் மனு எழுதுகிற எல்லாருடைய கையிலும் இருக்கும் வரிதான் அது. ஆனால் என்னைப் பார்த்தே எழுதியதுபோல இருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கூட்டம் இல்லை. அக்கா, "எத்தனை வேணும்?" என்றாள்.

"அக்கா, உன்னை இங்கேருந்து எடுக்கச் சொல்லி மனு எழுதியிருக்காங்க. நான் எழுதலே. படிக்கிறேன், கேளு" என்றேன் தமிழில்.

அவள் தோசைக் கரண்டியைக் கையில் பிடித்தபடி இருந்தாள். அடுப்பைக் கிளறவுமில்லை. நான் நடுச்சந்தில் நின்று, முதல் எழுத்திலிருந்து கடைசிக் கையெழுத்து வரை, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கலாப் பெண் என்பதைச் சொன்னேன். அழுக்கு என்பதைச் சொன்னேன். நோய் என்பதைச் சொன்னேன். நடுவில் நிறுத்தவில்லை. கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களையும் மாடி எண்ணையும் சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை.

கல்லில் தோசை கருகியது. அக்கா அதைச் சுரண்டிப் போட்டுவிட்டு, கல்லைத் துணியால் துடைத்தாள். புது மாவை ஊற்றினாள். ஓரத்தில் எண்ணெய் விட்டாள். எடுத்து இலையில் வைத்து என்னிடம் நீட்டியபோதுதான் சொன்னாள்.

"அன்னிக்கு இப்படிப் படிச்சிருந்தேன்னா நாங்க யாரும் கைநாட்டு வச்சிருக்க மாட்டோம்டி. சாக்கடை இல்லாம இருந்திருப்போம்." சந்தைத் திரும்பிப் பார்த்தாள். "இருந்திருப்போம்."

அப்புறம், "சாப்பிடு, ஆறிடும்" என்றாள்.

நின்றுகொண்டே சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன் என்றும் சொல்லலாம், யார் பார்த்தால் என்ன? அவள் பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினாள். கட்டடத்தோடு சேர்த்துக் கட்டிய அகலமான சிமெண்டுச் சாக்கடை அது. மேலே பலகைக்கல் போட்டு மூடியது.

அடுத்த வாரம் இரண்டு பேர் வந்து அடுப்பையும் பெஞ்சையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அக்கா அப்புறம் வரவில்லை. புது ஊருக்குப் போய்த் தேடினேன். அவள் மனையை விற்றுவிட்டு, வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள், எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் இன்னும் ஆறாவது மாடியில்தான் இருக்கிறேன். மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்து கீழே பார்ப்பேன். எவ்வளவு அடித்துப் பெய்தாலும் சந்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்பதில்லை.